கோயிலுக்கு வரும் அழைப்பாணை வத்திக்கானுக்கு ஏன் போவதில்லை?

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசக் காவடி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு மாலையில், நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் கோயிலின் அலுவலக அறைக்கு நீதிமன்றத்தின் உஷர் ஒருவர் வந்தார். காவடிக்குப் பந்தலும் ஜெனரேட்டரும் வாடகைக்குக் கொடுத்தவருக்குப் பாக்கி நின்றுபோனதால், அவர் வழக்குத் தொடுத்திருந்தார். அழைப்பாணையை வாங்க யாரும் கை நீட்டவில்லை. திருநீற்றுத் தட்டோடு வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "சாமி மேலயே கேஸா?" என்று அதிர்ந்துபோய்க் கேட்டார். செயலாளர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சாமி மேல இல்லீங்க ஐயா, சங்கத்து மேல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

செயலாளரின் பதில் சட்டப்படி சரியானது. மொரீஷியஸில் நம் கோயில்களை நடத்துபவை பெரும்பாலும் பதிவு செய்யப்பட்ட சங்கங்களே. சங்கம் நிலம் வாங்கலாம், கடன் படலாம், வழக்குப் போடலாம், அதன்மீதும் வழக்குப் போடலாம். பக்திக்கும் பாக்கிக்கும் நீதிமன்றம் முடிச்சுப் போடுவதில்லை. அன்று வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி, அவள் தாய்வழிப் பாட்டி வீட்டில் எல்லோரும் கத்தோலிக்கர்கள், "அப்போ போப்பாண்டவர் மேல கேஸ் போட முடியுமா மிஸ்?" என்று கேட்டாள். அன்று ஒரு வரியில் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே சற்று நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு நாட்டை, அதன் சம்மதம் இல்லாமல், இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தில் பிரதிவாதியாக நிறுத்த முடியாது என்பதே இறையாண்மை விலக்குரிமை. சமமானவர்களில் ஒருவர் மற்றவருக்கு நீதிபதியாக உட்கார முடியாது என்ற எண்ணமே இதன் அடிப்படை. இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் பழைய தீர்ப்பு 1812-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்தது. நெப்போலியனின் ஆணைப்படி பறிக்கப்பட்டுப் பிரெஞ்சுப் போர்க்கப்பலாக மாற்றப்பட்ட ஒரு பாய்மரக் கப்பல், புயலில் அடிபட்டுப் பிலடெல்பியா துறைமுகத்துக்குள் வந்தது. அதன் பழைய அமெரிக்க உரிமையாளர்கள், எங்கள் கப்பலை எங்களுக்கே கொடுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். நட்பு நாட்டின் போர்க்கப்பல் மீது நம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் சொல்லிவிட்டார். கப்பல் யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விலக்குரிமை ஒருவரைக் குற்றமற்றவர் என்று சொல்வதில்லை. அவர் குற்றம் செய்தாரா என்று விசாரிக்கும் கதவை அது சாத்திவிடுகிறது.

சம்மதம் இல்லாமல் ஒரு நாட்டைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதை மொரீஷியஸ்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை; நாமும் பிரிட்டனும் உரிமை கொண்டாடிய சாகோஸ் தீவுகள் விஷயத்தில் அதை நாமே அனுபவித்திருக்கிறோம். பிரிட்டன் ஒப்புக்கொள்ளாமல் அதை அனைத்துலக நீதிமன்றத்தில் எதிர்வழக்காடியாக நிறுத்த வழியில்லாததால்தான், 2017-ல் ஐ.நா. பொதுச்சபை வழியாக ஆலோசனைக் கருத்துக் கேட்கும் சுற்றுவழியை நம் அரசு தேர்ந்தெடுத்தது. அந்தக் கருத்து 2019 பிப்ரவரியில் நமக்குச் சாதகமாக வந்தது. அனைத்துலக நீதிமன்றத்தின் அதிகார வரம்பும் உள்நாட்டு நீதிமன்றங்களில் எழும் விலக்குரிமையும் வெவ்வேறு விதிகள்தாம். ஆனாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

நாடுகள் போர் தொடுப்பதும் வரி வசூலிப்பதுமாக மட்டும் இருந்த காலத்துக்கு இந்த விதி பொருந்தியது. பிறகு அரசுகளே சரக்குக் கப்பல் ஓட்டவும், இரயில் நடத்தவும், பண்டங்களை வாங்கி விற்கவும் தொடங்கியபோது, கடையில் கடன் சொல்லிவிட்டு "நான் அரசன்" என்று நழுவுவது நியாயமில்லை என்ற எண்ணம் பரவியது. அமெரிக்க வெளியுறவுத் துறை 1952-ல் இந்தப் பக்கம் சாய்ந்தது. 1976-ல் அமெரிக்காவும் 1978-ல் பிரிட்டனும் சட்டமே இயற்றிவிட்டன. போர்ட் லூயிஸில் உள்ள ஒரு தூதரகம் உங்களுக்கு விசா மறுத்தால் அது ஆட்சிச் செயல். அதற்காக அந்த நாட்டின்மீது இங்கே வழக்குப் போட முடியாது. அதே தூதரகம் தேசிய தின விருந்துக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துப் பணம் கொடுக்காவிட்டால், அது வணிகச் செயல். எங்கள் கோயிலுக்கு வந்ததைப் போல அதற்கும் அழைப்பாணை போகலாம். இன்று பெரும்பாலான நாடுகளில் செல்வது இந்தப் பிரிவினைதான்.

அடுத்து, நாடு என்றால் எது என்று பார்க்க வேண்டும். நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என்று நான்கு அடையாளங்களை 1933-ல் மான்டிவிடியோவில் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம் சொல்கிறது. வத்திக்கானை இந்த அளவுகோலின் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் தடுமாற்றம் வரும். அதன் பரப்பு 44 ஹெக்டேர், அதாவது அரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. குடிமக்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களும் அங்கே பிறந்ததால் குடிமக்கள் ஆனவர்கள் அல்லர், பெரும்பாலும் அங்கே வகிக்கும் பதவியால் ஆனவர்கள். பதவி போனால் குடியுரிமையும் போகும். பிள்ளை பிறந்து பெருகாத நாடு உலகில் இது ஒன்றுதான் என்று எங்கள் வகுப்பில் சிரித்துக்கொண்டோம்.

இந்த நாடு உருவான கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியின் நடுப்பகுதி பல நூற்றாண்டுகள் போப்பாண்டவர்களின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோம் நகருக்குள் நுழைந்ததோடு அந்த ஆட்சி முடிந்தது. அதன் பிறகு ஏறத்தாழ 58 ஆண்டுகள் போப்பாண்டவருக்கு என்று ஒரு சாண் நிலமும் இல்லை. ஆனாலும் பல நாடுகள் அவரிடம் தூதர்களை அனுப்பிக்கொண்டும் அவர் அனுப்பிய தூதர்களை ஏற்றுக்கொண்டும்தான் இருந்தன. 1929 பிப்ரவரி 11 அன்று முசோலினியும் கர்தினால் காஸ்பாரியும் கையெழுத்திட்ட இலாத்தரன் உடன்படிக்கை வத்திக்கான் நகர நாட்டைத் தோற்றுவித்தது. ஆக இங்கே இரண்டு ஆள்கள் இருக்கிறார்கள். ஒருவர், கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையாகிய திருப்பீடம். மற்றவர், அந்தத் தலைமை குடியிருக்கும் வீட்டைப் போன்ற வத்திக்கான் நகர நாடு. 1964 முதல் ஐ.நா.வில் நிரந்தரப் பார்வையாளராக அமர்ந்திருப்பதும், 180-க்கும் மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு வைத்திருப்பதும் திருப்பீடம்தான். மொரீஷியஸுக்கான திருப்பீடத் தூதர் மடகாஸ்கரின் அண்டனானரிவோவில் இருந்தபடி நம்மையும் கவனித்துக்கொள்கிறார். திருத்தந்தை, அதாவது போப்பாண்டவர், பிரான்சிஸ் 2019 செப்டம்பர் 9 அன்று நம் தீவுக்கு வந்தபோது, திருப்பலிக்குக் கூடிய கூட்டம் அவரை மறைத் தலைவராகப் பார்த்தது; விமான நிலையத்து மரியாதை அவரை நாட்டுத் தலைவராகவும் நடத்தியது.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ரோமில் விலக்குரிமை இருப்பதால் நம் தெருமுனைத் தேவாலயத்துக்கும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இதற்கு வெளியூர் எடுத்துக்காட்டு வேண்டாம். மொரீஷியஸில் அரசு உதவி பெறும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள் தங்கள் இடங்களில் பாதியைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தன. மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்ற அரசியலமைப்புப் பிரிவைக் காட்டி ஒருவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. போர்ட் லூயிஸ் ஆயர் (பிஷப்) மேல்முறையீடு செய்ய, 2004-ல் நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமான, லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த வழக்கு முழுவதிலும் ஆயர் சாதாரண வழக்காடியாகத்தான் நின்றார். அவருடைய நிலை எங்கள் கோயில் செயலாளரின் நிலைதான், வழக்கின் எடைதான் வேறு. மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி), பள்ளி, துறவற சபை ஆகியவை எல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அமெரிக்காவில் சிறார் பாலியல் கொடுமை வழக்குகளில் நட்டஈடு கொடுத்து மறைமாவட்டங்கள் திவாலானது இதனால்தான்.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? பாதிக்கப்பட்டவர்கள் மறைமாவட்டத்தோடு நிற்காமல், அதற்கு மேலிருந்து ஆணையிட்டவர் யார், தெரிந்தும் மறைத்தவர் யார் என்று கேட்டு ரோமை நோக்கிப் போகும்போது வருகிறது. 2005-ல் டெக்சஸில் அப்படி ஒரு வழக்கில் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் நாட்டுத் தலைவர் என்று அமெரிக்க அரசே எழுதிக் கொடுத்ததும் அவர் விடுவிக்கப்பட்டார். ஒரெகன் மாநிலத்து வழக்கு இதைவிடத் தூரம் போனது. புகார் இருந்த ஒரு குருவை, அதாவது பாதிரியாரை, அயர்லாந்திலிருந்து சிகாகோவுக்கும், அங்கிருந்து ஒரெகனுக்கும் மாற்றியதாகச் சொல்லப்பட்ட அந்த வழக்கில், அவர் திருப்பீடத்தின் ஊழியர் என்று காட்ட முடிந்தால் விலக்குரிமை பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் ஒரு சன்னலைத் திறந்துவிட்டது. 2012-ல் கீழமை நீதிமன்றம் சான்றுகளைப் பார்த்து, அவர் ஊழியர் அல்லர் என்று அதே சன்னலைச் சாத்திவிட்டது.

ஐரோப்பாவில் முக்கியமானது பெல்ஜிய வழக்கு. சிறு வயதில் குருக்களால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன 24 பேர், திருப்பீடத்தையும் பெல்ஜிய ஆயர்களையும் சேர்த்து கென்ட் நகர நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். திருப்பீடத்துக்கு விலக்குரிமை உண்டு என்று அங்கே முடிவாக, அவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த நீதிமன்றம் 2021 அக்டோபர் 12 அன்று, ஒரு நீதிபதி மட்டும் மாறுபட, மற்ற ஆறு பேரின் முடிவாகப் பெல்ஜியத் தீர்ப்பில் தவறில்லை என்றது. திருப்பீடம் ஒரு நாட்டுக்கு நிகரான தன்மைகள் கொண்டது. ஆயர்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் திருத்தந்தையின் தலையில் ஏற்ற முடியாது, ஏனெனில் ஆயர்கள் அவருடைய முகவர்கள் அல்லர். திருத்தந்தை தரப்பில் நேர்ந்ததாகச் சொல்லப்படும் தவறு ரோமில் நேர்ந்ததே தவிர பெல்ஜிய மண்ணில் நேர்ந்ததன்று. பெல்ஜிய நீதிமன்றத்தின் இந்தப் பார்வை நியாயமற்றதோ தான்தோன்றித்தனமானதோ அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மனுதாரர்களில் பெரும்பாலோருக்குத் திருச்சபைக்குள் நடந்த பாலியல் கொடுமைகளுக்கான நடுவர் மன்றம் வழியாக நட்டஈடு கிடைத்திருந்தது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

எனக்கு உறுத்துவது அந்த இரண்டாவது காரணம்தான். திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பைத் திறந்தால், 331-ஆம் விதி திருத்தந்தைக்கு உச்சமான, முழுமையான, உடனடியான அதிகாரம் உண்டு என்கிறது. ஆயர்களை அவரே சுதந்திரமாக நியமிக்கிறார் அல்லது முறைப்படித் தெரிவு செய்யப்பட்டவர்களை உறுதிப்படுத்துகிறார் என்கிறது 377. அதே தொகுப்பின் 381-ஆம் விதியோ, ஆயருக்குத் தம் மறைமாவட்டத்தில் தமக்கே உரிய அதிகாரம் உண்டு, அது ரோம் இரவலாகக் கொடுத்ததன்று என்ற பொருளில் பேசுகிறது. இறையியலில் இந்த இரண்டும் ஒன்றாக நிற்கலாம், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நீதிமன்றத்தில் முதல் விதியின் பலத்தில் நாடு என்ற மரியாதையையும், மூன்றாவது விதியின் பலத்தில் "அவர் என் ஆள் இல்லை" என்ற விடுதலையையும் ஒருசேரப் பெறுவது, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பதாகவே எனக்குப் படுகிறது. 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, புகார்களை மறைக்கும் ஆயர்களையே விசாரிக்கும் முறையை ரோமின் மேற்பார்வையில் வகுத்தது. மேற்பார்வை கூடக் கூட, "முகவர் அல்லர்" என்ற வாதம் மெலிந்துகொண்டுதான் வரும்.

எதிர்த்தரப்பின் வாதம் அற்பமானதன்று. 1870-க்குப் பின் இத்தாலிய அரசின் கையில் ஒரு மறைத் தலைமை சிக்கியிருந்தால், அதன் ஒவ்வொரு சொல்லும் ரோம் அரசாங்கத்தின் சொல்லாகவே மற்ற நாடுகளில் கேட்டிருக்கும். நாடு என்ற நிலை இருந்ததால்தான் தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள பீகிள் கால்வாய்த் தகராறில் அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் நடுவே நின்று 1984-ல் உடன்படிக்கை வரை திருப்பீடத்தால் கொண்டுபோக முடிந்தது. நூறு நாட்டு நீதிமன்றங்கள் ஒரு மறைத் தலைவரை விசாரிக்கலாம் என்றால், அவற்றில் சில நீதிக்காக அன்றி மிரட்டலுக்காகவே விசாரிக்கும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. மதத்தை அரசு நடத்தினால் என்ன ஆகும் என்பது தமிழருக்குத் தெரியாததா? தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பழனிக்கும் மதுரைக்கும் அரசுதான் அதிகாரிகளை அமர்த்துகிறது. அதன் நன்மை தீமைகளைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

மற்ற மதங்களுக்கு இல்லாத இந்த இடம் ஒரு மதத்துக்கு மட்டும் ஏன் என்று கேட்டால், வரலாறு என்பதைத் தவிர வேறு நேர்மையான பதில் கிடையாது. வரலாறு இன்னொரு முறையும் அப்படி நிகழலாம். அல்பேனியப் பிரதமர் எடி ராமா 2024-ல், டிரானா நகருக்குள் பெக்தாஷி சூஃபி மரபினருக்கு வத்திக்கான் மாதிரியில் ஒரு குட்டி நாடு அமைக்கும் திட்டத்தை அறிவித்தார். அது நடந்தால், இந்தக் கேள்வி கத்தோலிக்கரைப் பற்றியது மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

என் கருத்தில், விலக்குரிமை அங்கியைப் பார்த்துக் கொடுக்கப்படாமல் செயலைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். தூதரை அனுப்புவதும், உடன்படிக்கை செய்வதும், போரில் நடுநிலை காப்பதும் ஆட்சிச் செயல்கள். அவற்றைத் தொட வேண்டாம். ஒரு குருவை எந்த ஊருக்கு மாற்றுவது, ஒரு புகாரை எந்த அலமாரியில் வைப்பது என்பவை ஒரு நிறுவனத்தின் ஆள் நிர்வாகம். உலகில் எந்த மத அமைப்பும் அதைச் செய்கிறது, எந்த மத அமைப்பும் அதற்குப் பதில் சொல்கிறது. இத்தாலியிலேயே இதன் சாயல் தெரிகிறது. வத்திக்கான் வங்கியோடு தொடர்பு வைத்திருந்த இத்தாலியின் ஆம்புரோசியானோ வங்கி 1982-ல் சரிந்ததை ஒட்டி, வத்திக்கான் வங்கியின் தலைவர் பேராயர் மார்சிங்கஸுக்கு 1987-ல் பிடியாணை பிறந்தபோது, திருச்சபையின் மைய அமைப்புகளில் இத்தாலி தலையிடாது என்ற இலாத்தரன் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு அவரைக் காத்தது. ஆனால் வத்திக்கான் வானொலியின் கோபுரங்கள் அளவுக்கு மீறிய மின்காந்த அலைகளைப் பரப்பியதாக எழுந்த வழக்கில், அதே பிரிவு குற்ற விசாரணையைத் தடுக்காது என்று 2003-ல் இத்தாலிய உயர் மன்றம் சொல்லிவிட்டது. பதினாறு ஆண்டுகளில் ஒரே வரியின் பொருள் இவ்வளவு சுருங்கியிருக்கிறது.

அந்த மாணவி விட்டபாடில்லை. "போப்பாண்டவர் கடையில மெழுகுவர்த்தி வாங்கிட்டுக் காசு கொடுக்கலன்னா?" என்று கேட்டாள். அது வணிகம், ஆகையால் வழக்குப் போடலாம் என்றேன். லண்டனில் திருப்பீடத்தின் தலைமைச் செயலகம் ஒரு கட்டடத்தில் பணம் போட்டு எழுந்த தகராறை, 2025-ல் அங்கேயுள்ள உயர் நீதிமன்றம் மற்ற வணிகத் தகராறுகளைப் போலவே விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் தீர்ப்பு வாங்குவது வேறு, பணத்தை வாங்குவது வேறு. ஜப்திக்கு எதிரான விலக்குரிமை என்று தனியாக ஒன்று உண்டு, அது முதலாவதைவிடக் கெட்டியானது. தோற்ற நாட்டின் தூதரகக் காரையோ, தூதரகச் செலவுக்கான வங்கிக் கணக்கையோ கைவைக்க முடியாது. வணிகத்துக்காக வைத்திருக்கும் சொத்து எங்கேயாவது இருக்கிறதா என்று வென்றவர்தான் தேடிக்கொண்டு போக வேண்டும். எங்கள் கோயிலுக்கு அந்த வசதி இல்லை. ஜெனரேட்டர்காரருக்கு மூன்று தவணைகளில் பாக்கியைக் கட்டி முடித்தோம். கடைசி ரசீதைச் செயலாளர் கணக்கு நோட்டில் ஒட்டி, அதன் ஓரத்தில் மஞ்சள் தடவி வைத்திருக்கிறார்.